ஆஸ்பத்திரி ரொட்டி

கார்க் மூடி பேருந்தின் கூரையில் மோதிய சத்தத்தில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டார். டயர் வெடித்துவிட்டது என்று நினைத்தாராம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மடியிலிருந்த குப்பியின் மூடிதான் துணிக்கட்டை அறுத்துக்கொண்டு தெறித்தது. உள்ளே இருந்தது நுரைத்துப் பொங்கி என் சேலையிலும், அதைவிட அதிகமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் சேலையிலும் வழிந்தது. ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வண்டியில் நடந்தது இது. கனவைத் துரத்திப் பிடித்தவள் என்று என்னைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவிதான் வருகிறது. நான் எதையும் துரத்தவில்லை. அந்த அம்மா கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி மலை ஏறினேன், அவ்வளவுதான்.

குப்பியில் இருந்தது ரொட்டிக்கான புளிமா. உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரில் சர்க்கரையும் பழைய மாவும் கலந்து புளிக்க வைப்பது. கொடைக்கானல் குளிரில் அது லேசில் பொங்காது. கம்பளித் துணியில் சுற்றி, அடுப்பு ஓரத்தில் வைத்து, கைக்குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு போய்விடக் கூடாது என்று மூடியை இறுக்கி, மேலே துணி வைத்துக் கட்டுவது மலையில் எங்கள் பழக்கம். அன்றும் அப்படியே கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். கீழே இறங்க இறங்க வெக்கை ஏறும், பெண்கள் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குப்பிக்கும் வெக்கை உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் விடுதியில் நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். விடுதிக்குப் போக மீதி ரொட்டி தினமும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும். துரைசாணிக்கு வயதாகிவிட்டது. விடுதியைப் பூட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார். செண்பகனூரில் ஒரு கடைக்காரர், தன் கடைக்குப் பின்னால் பழைய செங்கல் அடுப்பு ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். சொந்தமாக ஒரு அடுப்பு என்பது என் பல நாள் ஆசை. அந்த ஆசையை ஆடலூரிலிருந்த அண்ணனிடம் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனேன். "ரொட்டியத் தின்னு எவன் உசுரு வளத்தான்? இங்க காப்பிப் பழம் பறிக்க ஆளில்லாமக் கெடக்கு. வெரசா வந்து சேரு" என்பதுதான் அவர் ஒரே பதில். சரி, போதும் என்று மூட்டையைக் கட்டிவிட்டேன். குப்பியைக் கொட்ட மட்டும் மனம் வரவில்லை.

மூடி தெறித்ததும் புளித்த வாடை வண்டி முழுக்கப் பரவியது. மதுவிலக்கு இருந்த காலம். நடத்துநருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னம்மா இது, சாராயமா? அடிவாரத்துல செக்போஸ்டு இருக்கு. உங்களோட சேத்து என்னையும்ல புடிச்சுட்டுப் போவான். தூக்கி வெளிய எறிங்க மொதல்ல."

நான் குப்பியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஆனால் சேலை பாழாகி உட்கார்ந்திருந்த அந்த அம்மா, வழிந்ததை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். கோபப்பட வேண்டிய ஆள். கோபப்படவும் தெம்பில்லாத முகம்.

"சாராயமில்லப்பா. ரொட்டி வாசம். நீ வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார் நடத்துநரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரி ரொட்டிதான தாயி?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. நான்தான் சுட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை ஒரு ஆளு இருந்து சுடுதுன்னே நான் நெனைக்கல. காலைல வெள்ளனே வரும், வாங்கி வச்சுக்குவேன். எங்க வீட்டுக்காரருக்குச் சோறு எறங்கல, கஞ்சி எறங்கல. இதப் பால்ல நனைச்சுக் குடுத்தா மட்டும் ரெண்டு வாய் திங்கிறாரு."

நிலக்கோட்டைப் பக்கம் ஊர். பிள்ளைகளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, அரிசி வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வர வேண்டுமாம். மாதக்கணக்காக இதே அலைச்சல். நான் விடுதி பூட்டிய கதையையும் ஆடலூருக்குப் போவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப நாளைக்கு யாரு போடுவா?" என்றார்.

பழி சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போய்விட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. எனக்கு உண்மையில் எரிச்சல்தான் வந்தது. என் சோலி முடிந்துவிட்டது, என்னை ஏன் கேட்க வேண்டும்? ஊரில் வேறு ஆளா இல்லை? அண்ணன் வேண்டாம் என்றார், கடைக்காரர் ஏதோ இரக்கத்தில் அடுப்பைத் தருகிறேன் என்றார். நான் இல்லாவிட்டால் ஒரு குறை இருக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த எரிச்சலோடு குப்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அடிவாரம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தோளில் இருந்த தலை கனத்தது. எழுப்ப மனமில்லை.

வத்தலக்குண்டில் இறங்கியதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று நிலக்கோட்டை வண்டியைத் தேடிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. என் ஊர்ப் பக்கம் போகும் வண்டி புறப்படத் தயாராக நின்றது. நான் அதில் ஏறவில்லை. கொடைக்கானலுக்குத் திரும்பும் வண்டியில் போய் உட்கார்ந்தேன். அழுகையாக வந்தது. தைரியத்தில் வந்த அழுகை என்று சொல்ல மாட்டேன், பயம்தான்.

செண்பகனூர் அடுப்பு பாதி இடிந்து கிடந்தது. மண் குழைத்துப் பூசினேன். சேர்ந்தாற்போல மழை பெய்து பூச்சு காயவே இல்லை. குப்பியின் அடியில் ஒட்டியிருந்த புளிமாவுக்குக் கிழங்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவழியாக அது உயிர் பிடித்தது. முதலில் சுட்டவை கல். அடுத்தவை கரி. அண்ணன் ஆள் அனுப்பித் திட்டினார். ஆஸ்பத்திரியில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறாரோ என்ற நினைப்பு மட்டும் என்னைப் படுக்கவிடாமல் துரத்தியது. கடைசியில் ரொட்டி என்று சொல்லும்படி வந்த அன்றைக்கு, சூடு ஆறும் முன்னே துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பெயர் தெரியாது. நிலக்கோட்டைப் பக்கத்துக்காரர், ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறவர் என்று வார்டு ஆயாவிடம் அடையாளம் சொன்னேன்.

"அவரு முந்தாநாளு தவறிட்டாரும்மா. அந்தம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் ஆயா.

கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றேன். எதற்காக இவ்வளவு பாடு என்று இருந்தது. அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் கையை நீட்டினார். "அந்தா வாசம் வருதுல்ல, அதுல எனக்கு ஒரு துண்டு குடும்மா." பிட்டுக் கொடுத்தேன். நிதானமாக மென்று முழுங்கினார்.

"உப்பு கம்மி. நாளைக்குச் சரியாப் போட்டுக் கொண்டா."

சரிங்கய்யா என்றேன். இத்தனை வருஷம் கழித்து, இப்போது தோள்பட்டை கையைத் தூக்கவிடாது. முதுகும் போய்விட்டது. மாவு பிசைய ஆள் வைத்திருக்கிறேன், ஆனால் உப்பை மட்டும் நானே போடுகிறேன். போதும், நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். அந்தப் பெரியவர் சொன்ன 'நாளை'தான் இன்னும் முடிந்தபாடில்லை.