ஸ்கேன் அறையில் சொன்ன ஸ்தோத்திரம்

சாப்பிட்டால் வலிக்கும், சாப்பிடாவிட்டால் வலிக்காது. சகோதரிகளே, போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இப்படித்தான் என் கஷ்டம் ஆரம்பித்தது. நான்கு வாய் சோறு உள்ளே போனால் அரை மணி நேரத்தில் மேல்வயிற்றை யாரோ பிடித்து முறுக்குவார்கள். உபவாச நாளில் மட்டும் நிம்மதி. ஆறு மாதத்தில் பதினான்கு கிலோ குறைந்தேன். எண்டோஸ்கோப்பி, சோனோகிராபி, சிடி ஸ்கேன் எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரர் எதிரிலேயே பாலை முகர்ந்து பார்ப்பேன். வலி சோற்றோடு வருகிறது. சோறு ஆக்குவது யார்? என் கொழுந்தன் மனைவி ஜெபராணி. மும்பை தாராவியில் ஒரே வீடு, கீழே அவர்கள், மாடியில் நாங்கள். நான் ஐரோலிக்கு வேலைக்குப் போவதால் அடுப்பு அவள் பொறுப்பு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம், பிடிக்காதவர்களுக்குச் சாப்பாட்டில் 'மருந்து வைப்பார்கள்' என்று ஒரு பேச்சு உண்டு. மாடி அறைக்காக நடந்த சண்டையை அவள் மறக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஞானஸ்நானம் எடுத்தவள்தான் நான். ஆனாலும் ஊருக்குப் போய், வைத்த மருந்தை வயிற்றிலிருந்து எடுப்பவரிடம் காட்ட ரயில் டிக்கெட்கூடப் பார்த்தேன். அவள் தருவதைப் பூனைக்குப் போட்டுப் பரீட்சித்தேன். பூனை கொழுத்தது, நான் மெலிந்தேன்.

தினமும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, இதைச் செய்தது யாரென்று காட்டும்." குணமாக்கும் என்றுகூடக் கேட்கவில்லை.

எழுந்து நடக்க முடியாமல் போன அன்று என் கணவர் வேலையில் இருந்தார். ஜெபராணிதான் டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் அவள் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நான் வாங்கவே இல்லை.

அங்கே ஒரு இளவயது மராட்டி டாக்டரம்மா வயிற்றில் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் கருவியை வைத்தார். "சாஸ் அந்தர் லோ, ரோகோ" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்தேன். இதுவும் நார்மல்தான் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த முறை பிடிக்கச் சொன்னபோது, மூச்சு முழுவதையும் விட்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டேன். நமக்கு வலித்தாலும் வாயில் அதுதானே வரும்!

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஃபிர் சே போலோ."

கேலி செய்கிறாரோ என்று முறைத்தேன்.

"அக்கா, திரும்பச் சொல்லச் சொல்லுதாவ. சும்மா சொல்லுங்க" என்றாள் ஜெபராணி.

ஐந்து முறை சொல்லவைத்தார். ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் கருவியின் சத்தம் மாறியது.

மூச்சை வெளியே விட வைத்து மறுபடி சிடி எடுத்தார்கள். இரைப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கொக்கிபோல் வளைந்து கிடந்தது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையின் ஒரு நார்ப்பட்டை, மூச்சை விடும்போது அதை நெரிக்கிறதாம். பழைய படங்கள் மூச்சைப் பிடித்து எடுத்தவை, அதனால் தெரியவில்லை. அபூர்வமான நோய் என்றார்கள். யார் செய்தது என்றுதானே தினமும் ஜெபத்தில் கேட்டேன். என் உடம்பிலேயே இருந்த நாரை ஆண்டவர் படம் பிடித்துக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

சின்னத் துளைகள் போட்டு அந்த நாரை அறுத்துவிட்டார்கள். ஒரே நாளில் சுகமாகிவிடவில்லை. இரண்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுத் தேறினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் ஜெபராணி கஞ்சியோடு மாடிக்கு வந்தாள். மனசு கேட்கவில்லை.

"ஜெபா, நீதான் மருந்து வச்சிட்டேன்னு நெனச்சிட்டேன்ட்டி."

"தெரியும்க்கா. ஆறு மாசமாத் தெரியும்."

"பெறவு ஏன்ட்டி எனக்கு ஆக்கிப் போட்ட?"

"நீங்க எங்கையால சாப்பிடலைன்னாலும் சரி, யார் கையாலயாவது சாப்பிட்டுப் பொழைக்கணும்னு தினம் ஜெபம் பண்ணினேன்க்கா."

ஓவென்று அழுதேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கர்த்தர் கேட்டது என் ஜெபத்தை அல்ல, அவளுடைய ஜெபத்தை.

அவருக்கே மகிமை. சகோதரிகளே, வலி வந்தால் டாக்டரிடம் போங்கள், கர்த்தரை நம்புங்கள். நமக்காக முழங்காலில் நிற்பது யாரென்று நமக்குத் தெரியாது. நாம் முகம் கொடுத்துப் பேசாதவளாகவே இருக்கலாம்.