முகத்துவாரத்தை மறைத்த கூடு

கப்பலுக்குப் போனவன் வீட்டில், ஏரியைப் பார்த்த வேலியை நெஞ்சு உயரத்துக்கு மேல் வளரவிட மாட்டார்கள். எங்கள் குப்பத்து வழக்கம் அது. அவன் பெண்டாட்டி கரையில் போய் நின்று காத்திருக்கக் கூடாது, நின்றால் கப்பல் போன இடத்திலேயே தங்கிவிடும் என்பார்கள். அதனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு திரும்பும்போதே வாசலில் இருந்து தெரிய வேண்டும். ஒல்லாந்தர் கப்பலில் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு ஏறிய அன்றும் என் வீட்டுக்காரர் எங்கள் கிளுவை வேலியைக் கழித்துவிட்டுத்தான் கிளம்பினார். "தலையத் தூக்கினா நான் தெரியணும்" என்றார், என்னவோ சந்தைக்குப் போய் வருகிறவர் மாதிரி.

அடுத்த கோடை மழையில் வேலி என் தலைக்கு மேல் தழைத்துவிட்டது. அரிவாளோடு போய் ஒரு கிளையை வளைத்தேன். உள்ளே ஒரு கொண்டைக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. பறக்கவில்லை, என்னையே பார்த்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. குப்பத்தில் இத்தனை வேலி இருக்க, இந்த மூலைதானா கிடைத்தது? அதற்கு நேரேதான் முகத்துவாரம்.

மற்ற பக்கமெல்லாம் கழித்தேன், அந்த மூலையை மட்டும் விட்டேன். நிழல் போனால் குஞ்சுகள் வெயிலில் வெந்துவிடும், காக்கை கண்ணிலும் பட்டுவிடும். பூனை ஏறாமல் இருக்க அடியில் முள் வெட்டிப் போட்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷன் வருவதைப் பார்க்க இவளுக்கு ஆசையில்லை போல என்று கிணற்றடியில் கிண்டல் செய்தார்கள். ஆசை இல்லையாம். துடுப்புச் சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வேலியோரம் ஓடியவள் நான். இலைக்கு அந்தப் பக்கம் போவது யாரென்று தெரியாது. அவராக இருக்கலாம். சத்தம் தேய்ந்து போகும்வரை எனக்கு அது அவர்தான். வேலி தாழ்வாக இருந்தபோது இந்தச் சுகம் கிடைக்கவில்லை. படகு தூரத்தில் வரும்போதே, அதில் அவர் இல்லை என்று தெரிந்துவிடும்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு என் நாத்தனார் அரிவாளோடு வந்தாள். அண்ணனுக்காக அவளும்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். கூட்டுக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"காலியாத்தான் கீது அண்ணி. வெட்டிடட்டா?"

அவள் கையில் இருந்த அரிவாளை வாங்கிக்கொண்டேன். ஏரியில் ஏதோ ஒரு படகு போய்க்கொண்டிருந்தது.

"வேணாம், இருக்கட்டும்" என்றேன். "வெட்டினா, அவரு வரலன்னு தெரிஞ்சிடும்."