பிரதம அதிதிக்குப் போட்ட மாலை

எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் ஆடினால் நாளைக்குக் கொழும்புக் கழகங்களில் சம்பளத்துக்கு ஆடலாம் என்று அதிபர் மேடைக்கு மேடை முழங்குவார். ஒருநாள் ஆள் தெரிவுசெய்ய ஒரு கழகத்தின் பயிற்றுநர் மாத்தளைக்கே வந்துவிட்டார். அந்த மனிதரை மைதானத்து ஓரமாக நிற்க விட்டிருந்தால் போதும். நாங்கள் அவரைப் பிரதம அதிதி ஆக்கினோம்.

பேண்ட் வாத்தியத்தோடு அழைத்துவந்து, விளக்கேற்ற வைத்து, மேடையில் உட்காரவைத்தார்கள். முன்கள வீரனான நான் பூட்ஸ் காலோடு ஏறி மாலை போட்டேன். பிறகு வரவேற்புரை, அதிபர் உரை, பழைய மாணவர் சங்கத் தலைவரின் நீண்ட உரை. எல்லாரும் உதைபந்தாட்டத்தின் மகிமையைத்தான் பேசினார்கள். பந்து கோல் கம்பத்தடியில் சும்மா கிடந்தது. அலுவிகாரைப் பக்கம் வானம் கறுத்து வந்ததை வரிசையில் நின்ற நாங்கள் பார்த்தோம். மைக் பிடித்தவர்கள் பார்க்கவில்லை.

நன்றியுரையின் நடுவில் மழை கொட்டியது. மைதானம் குளமானது. பயிற்றுநர் குடைக்குள் நின்றபடி, "மேட்ச் எப்பங்க?" என்று கேட்டார்.

"அது கெடக்குதுங்க சேர், வாங்க, மொதல்ல டீ குடிப்போம்" என்றார் அதிபர்.

குடித்தார், போனார். திரும்பி வரவில்லை.

நான் மாலை போட்டபோது எடுத்த படம், 'தொழில்முறை ஆட்டத்துக்கு முதற்படி' என்ற தலைப்போடு இன்றும் அதிபர் அறையில் தொங்குகிறது. படத்தில் பயிற்றுநர் முழுசாக இருக்கிறார். என்னில் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. தொழில்முறை உதைபந்தாட்டத்துக்குள் நான் போன தூரம் அவ்வளவுதான்.