புளியடிக் காணி

கமலாசனிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பேராதனையில் சரித்திரத்தில் எம்.ஏ. படிக்கப் போன பிறகு அந்த வியாதி முற்றிவிட்டது. விடுதியில் இருந்தால் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்திலிருந்த வீடு கூப்பிடும். மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாளே நூலகம் கூப்பிடும். இருந்தபடி காலாட்டுகிற பெண் வீட்டுக்கு ஆகாது என்று தாய் ஒரு பாட்டம் பேசுவாள். அந்தக் கால் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மற்றக் கால் ஆடத் தொடங்கும்.

தகப்பன் அப்புத்துரை வடமராட்சியில் பிறர் காணியில் புகையிலை நட்டு முதுகு வளைந்தவர். வன்னிக் குடியேற்றத் திட்டத்தில் அவருக்கு வயலும், வீடு கட்ட மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். ஆனால் சொந்தம் என்று எழுதிய உறுதிப் பத்திரம் கொடுக்கவில்லை, வெறும் பெர்மிட்தான். அரசாங்கம் நினைத்தால் திருப்பி எடுத்துவிடும் என்ற பயம் அவரை ஒரு சுருட்டைக்கூட நிம்மதியாகப் பற்ற விடாது. மகளின் காலாட்டம் எங்கிருந்து வந்தது என்று தாய் வெளியே தேடியிருக்கத் தேவையில்லை.

அந்த மேட்டுக்காணியில் ஒரு பெரிய புளி நின்றது. காட்டுக்குள் புளி நின்றால் அங்கே ஒரு காலம் ஊர் இருந்தது என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புளியின் கீழ் வைரவர் சூலம் ஒன்றும் இருந்தது. மலேரியாவுக்குப் பயந்து அந்த ஊரை விட்டுச் செட்டிகுளம் பக்கம் போனவர்கள் வருஷத்தில் ஒரு நாள் வண்டி கட்டி வந்து பொங்கிவிட்டுப் போவார்கள். அப்புத்துரை தண்ணீர் அள்ளிக் கொடுப்பார், பொங்கலையும் கைநீட்டி வாங்குவார். திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று வண்டி போகும்வரை காணியைவிட்டு அசையமாட்டார்.

கமலாசனியின் ஆராய்ச்சி அந்தப் பகுதியின் பழைய குடியிருப்புகளைப் பற்றியது. வெள்ளைக்காரத் துரைமாரின் குறிப்புகளில் அந்த இடம் வெறும் காடு. அப்படியில்லை என்று அவள் வாதாடினாள். பேராசிரியர் ஆதாரம் கேட்டார். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டாள். அடுத்த பொங்கலன்று, வந்தவர்களில் மூத்தவரான சின்னராசாவைக் கதிரையில் இருத்தி, ஊரின் பெயர், குளத்தின் பெயர், யார் வீடு எங்கே நின்றது என்றெல்லாம் கேட்டு எழுதினாள். அவரும் எழுந்து காணியைச் சுற்றி நடந்து, அடுப்பெரிகிற குசினிக்கு நேரே வந்து நின்று, "இதிலைதான் எங்கட அப்புவின்ரை வீடு" என்றார். அப்புத்துரை கேட்டுக்கொண்டு நின்றார்.

வண்டி போனதும் மகளைக் கூப்பிட்டார். "உந்தக் கதையை எழுதாதை பிள்ளை. எழுதினால் நாளைக்கு அவையள் காணி கேட்டு வருவினம்."

எழுதாவிட்டால் ஆராய்ச்சி இல்லை என்றாள் அவள். எழுதினால் காணி இல்லை என்றார் அவர். இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. பேராதனைக்குத் திரும்பியும் அவளுக்கு நித்திரையில்லை. எழுதுவாள், கிழிப்பாள், ஆற்றங்கரைவரை நடப்பாள், வந்து கிழித்ததையே திரும்ப எழுதுவாள்.

மரத்தைப் படம் பிடித்து வரச் சொன்னார் பேராசிரியர். சிநேகிதியின் கமராவை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். படலையைத் திறந்தபோதே வானம் அதிகமாகத் தெரிந்தது. புளி நின்ற இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது. சூலத்தைத் தொட மட்டும் அப்புத்துரைக்குத் துணிவு வரவில்லை. அது வெயிலில் தனியாக நின்றது. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அடிக்கட்டையைப் படம் எடுத்தாள். தகப்பன் வயலால் வருமுன் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வருஷமும் வண்டிகள் வந்தன. சின்னராசா அடிக்கட்டையைப் பார்த்தார், பிறகு வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். வெயிலில் நின்று பொங்கினார்கள். வழக்கம்போல வீட்டுக்கு ஒரு பங்கு வைத்தார்கள். ஏன் வெட்டினாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்ல அப்புத்துரை ஆயிரம் நியாயம் தயாராக வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பங்கை அவர் வாயில் வைக்கவில்லை.

ஆராய்ச்சி டைப் அடித்து முடிந்தது. தகப்பனுக்குத் தெரியாமல் அதைப் பேராசிரியரிடம் கொடுத்தால், தான் இல்லாத நேரம் அவர் மரம் வெட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு மனம் குத்தியது. வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் முன்னால் இருந்து, இங்கிலீஷில் இருந்த அடிக்குறிப்பைத் தமிழில் சொன்னாள்: "இந்த ஊருக்குச் சாட்சியாக நின்ற புளியமரம் இப்போது இல்லை. அதை வெட்டியவர் இதை எழுதுபவரின் தகப்பனார்."

அப்புத்துரை சுருட்டை அணைத்தார். சண்டைக்கு ஆயத்தமாகத்தான் அவள் வந்திருந்தாள்.

"தகப்பன் எண்டால் ஆர் எண்டு ஆருக்குத் தெரியும்? பேரைப் போடு" என்றார்.

காணி போய்விடும் என்ற பயம் இல்லையா என்று கேட்டாள்.

"பயம்தான். ஆனால் சின்னராசா அண்ணை என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான்தான் வெட்டினன் எண்டு வேறை எங்கை போய்ச் சொல்லுறது?"

டைப் எழுத்துக்குப் பக்கத்தில் பேனையால் 'அப்புத்துரை' என்று எழுதினாள். காணிக்கு என்ன ஆகும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எழுதும்போதும் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தாய் அன்று அந்தக் காலைப் பார்த்தாள், பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.