அடியில் படியாத பாசி

ஏரித் தண்ணீரை ஊருக்கு அனுப்பும் நிலையத்தில் அவளுக்குப் பாசிக்காரி என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத பாசிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவது அவள் வேலை. பதினெட்டு வருடப் பழக்கம்; பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சட்டைப் புள்ளிகளைக்கூட எண்ணாமல் விடமாட்டாள்.

இந்தக் கோடையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை தள்ளிப்போய் ஏரி சூடேறிக் கிடந்தது. வயல் உரம் வேறு வந்து கலந்தது. எப்போதும் இருக்கும் நல்ல பாசிகள் நாளுக்கு நாள் குறைந்தன. அந்த இடத்தைப் பிடிக்க வேண்டிய விஷப் பாசிகளோ எண்ணிக்கையில் ஏறவே இல்லை. கரையோரம் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்க, அவள் மூன்று வாரமாக 'பாதுகாப்பானது' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பாசி அடியில் படிவதற்காக அயோடின் விட்ட தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஒருநாள் முழுக்க அசையாமல் வைத்து, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை எண்ணுவது அங்கே வழக்கம். வியாழக்கிழமை காலை கொட்டப் போனவள், குழாயின் வாயோரம் பழுப்பாக ஒரு வளையத்தைக் கண்டாள். ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் விஷப் பாசி. உடம்புக்குள் காற்றை வைத்துக்கொண்டு மேலே மிதக்கும் சாதி, அடியில் படிந்தால்தானே! எண்ண வேண்டியதை இத்தனை நாள் கழுவுதொட்டியில் கொட்டியிருக்கிறாள்.

சிறுநீரகம் பழுதான அவள் தம்பிக்கு ஊர் ஆஸ்பத்திரியில் இந்தத் தண்ணீரை வைத்துத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். இன்றும் அவன் முறை. வாந்தி வருகிறது என்று போன வாரம் சொன்னவனை, கண்டதையும் தின்காதே என்று திட்டியிருந்தாள்.

நிலைய அதிகாரியிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"திங்கக்கிழமை திருத்தி எழுதிக்கலாம்மா. இப்ப சொன்னா உங்க வேலை போயிடும்."

"திங்கக்கிழமை வரைக்கும் ஊரு தண்ணி குடிக்காம இருக்குமா சார்?"

அவர் மேசை போனையே எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். மூன்று முறை லைன் கிடைக்கவில்லை. நான்காவது முறை, "ஏரித் தண்ணிய மெஷின்ல விடாதீங்க. விஷப் பாசி இருக்கு. மூணு வாரமா எண்ணினதுல தப்பு" என்றாள். அதைக் கேட்ட அதிகாரி மதகை மூடச் சொன்னார்.

கால் மணி நேரத்தில் தம்பி கூப்பிட்டான். குரலில் எரிச்சல்.

"அக்கா, ஊசி குத்தப் போற நேரத்துல எழுப்பி விட்டுட்டாங்க. உங்க ஆபீஸ்ல எந்தக் கூறுகெட்டதோ மூணு வாரமா தப்பா எண்ணியிருக்காம். அத மொதல்ல வேலைய விட்டுத் தூக்கணும்!"

"தூக்கிடுவாங்கடா," என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை. "அது நான்தான். நீ வீட்டுக்குப் போகாத. இந்தத் தண்ணி போகாத பக்கத்து ஊரு ஆஸ்பத்திரிக்கு இப்பவே கெளம்பு."