கைறுன்னிஸாவின் கறுப்புக் கடிகாரம்

எங்கள் பக்கத்து வீட்டுக் கைறுன்னிஸா லாத்தா, குவைத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவியை எட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். கிழவி மௌத்தாகி அடக்கியதும் அவளுடைய மகள் தன் கைக் கடிகாரத்தையே கழற்றி இவருக்குக் கட்டி அனுப்பினாள். கறுப்பு செரமிக், கீறாது, ஆனால் விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும்; இரண்டு ரூபாய்க் காசுக் குற்றிகள் மூன்றின் தடிப்புத்தான். விலையுயர்ந்த சாமான் என்பது எங்கள் ஊர் பல்லேபொல முழுக்கத் தெரியும்.

அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னோம். லாத்தா கேட்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டுதான் தேங்காய் துருவினார், மிளகு உதிர்த்தார். மாத்தளை பஸ்ஸில் ஆமி செக்பொயின்டுக்கு இறங்கி ஏறும்போதெல்லாம் அது கம்பியில் இடிபட்டது. ஒரு கீறல் விழவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளு எடுக்கும்போதும் கழற்றமாட்டார், வாரைத் தளர்த்தி அடியில் தண்ணீர் விடுவார்.

"கழட்டி வெச்சாத்தான் பயம். கையில இருந்தா விழாதே" என்பார்.

2007இல் மகள் மஸூதாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் கடிகாரம் கட்டுவது எங்கள் வழக்கம்தான். ஆனால் இந்த லாபிருக்கு மாமியார் கையில் கிடந்ததே வேண்டுமாம். வெட்கம் கெட்ட கேள்வி. மகளுக்காக லாத்தா கழற்றிக் கொடுத்தார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் உடைந்த கடிகாரத் துண்டுகளை எல்லாருக்கும் காட்டி, "குவைத் ரோட்டுல விக்கிற டூப்ளிகேட்ட என்ட கையில கட்டிட்டாங்க" என்றாராம் மாப்பிள்ளையான அந்தப் பெரிய மனிதர். பின்னேரம் உறவுக்காரர் நாலு பேரோடு வந்து மஸூதாவை வாசலில் விட்டார்.

"வேற நல்ல வாட்ச் தந்தாத்தான் கூட்டிட்டுப் போவேன்."

லாத்தாவின் முகம் செத்துப்போனது. எட்டு வருடம் பீ மூத்திரம் அள்ளியவருக்குக் கிடைத்த பெயர், ஏமாற்றுக்காரி.

மஸூதாதான் பேசினாள். "அது சும்மா உடையல உம்மா. நேத்து வுளு எடுக்கக் கழட்டி, எல்லாரும் பாக்கட்டும் என்டு பள்ளித் தொட்டிக் கட்டுல வெச்சாராம். தட்டுப்பட்டு சீமெந்துல விழுந்திட்டு. இவரே வந்து என்கிட்டச் சொன்னார்."

லாபிர் நிலத்தைப் பார்த்தார். உறவுக்காரர்கள் லாபிரைப் பார்த்தார்கள்.

லாத்தா எழுந்து முன்கடைக்குப் போனார். சிறு பிள்ளைகளின் பச்சைப் பிளாஸ்டிக் விளையாட்டுக் கடிகாரம் ஒன்றோடு திரும்பி வந்து, அத்தனை பேர் முன்னாலும் மருமகனின் கையைப் பிடித்துத் தானே கட்டிவிட்டார்.

"இது எங்க விழுந்தாலும் உடையாது. இதோடயே அடுத்த ஜும்ஆவுக்குப் போய், அதே முற்றத்துல உண்மையச் சொல்லுங்க. அதுவரைக்கும் என்ட மகள் இங்கதான் இருப்பாள்."