முப்பத்தொரு டிகிரி

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. நடந்தது நள்ளிரவிலும் இல்லை. பட்டப்பகல். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஜெனரேட்டர் ஷெட். போன மே மாதம் பத்தொன்பதாம் தேதி. அன்று வெயில் நாற்பத்தொரு டிகிரி.

மோகனப்பிரியாவுக்கு இருபத்து மூன்று வயது. கருவேப்பிலங்குறிச்சிக்காரி. பி.எஸ்சி. இயற்பியல். நாலு பேர் கூடி நின்றால் அவளுக்குப் பேச்சு வராது. ஜெனரேட்டர் எஞ்சின்களுக்குக் குளிர்விக்கும் கருவி பொருத்துகிற கம்பெனியில் ஆறு மாதமாகப் பயிற்சியில் இருந்தாள்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டைச் சென்சார்கள் அளக்கும். சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டி அதைப் பார்த்து ஃபேனையும் பம்பையும் தேவைக்கு ஏற்ப ஓட்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் தண்ணீரை ஓடவிட்டு ஆற்றும். மூன்று நாள் ஓடினால் அந்த எஞ்சினின் குணத்தையே பெட்டி கற்றுக்கொள்ளும்.

மூன்று நாள் சோதனை பழுதில்லாமல் முடிந்தால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியோடு வீடு. கம்பெனி இன்ஜினியர் இனியவன் போனில் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"பழுதுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி வந்தாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பாத்துக்க."

முதல் நாளே ஆலையில் எல்லோரும் அவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஆபரேட்டர் கார்முகில் கையில் டீயோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்திலிருந்து காது வரை தோல் சுருங்கி மினுங்கியது.

"என்னா பாப்பா, எஞ்சினுக்கு ஜுரம் பாக்கற பொட்டியா இது?"

"ஆமாங்கண்ணே."

"மாத்திரையும் அதுவே குடுத்துக்குமா?"

"ஆமாங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். கார்முகில் சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு என்னா வேலை? வூட்ல குந்திக்கினு சீரியல் பாக்கவா?"

வெளியே இப்படிப் பேசுகிற மனிதர் ஷெட்டுக்குள் காலை வைத்தால் ஊமை. அவர் மட்டுமில்லை. அங்கே வருகிற எல்லோரும் அப்படித்தான். விரலால் காட்டுவார்கள். ஸ்பானரால் தட்டுவார்கள். அவள் கேள்வி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறவர் "தொறக்கறேன்" என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் பெட்டியின் திரையைப் பார்த்து, சூடு குறைந்திருந்தால் "தொற" என்று சொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அவள் இதை ஷெட்டுக்குள் நின்று கார்முகிலிடம் விளக்கப் பார்த்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து முறைத்தார். வெளியே போய்விட்டார்.

தன்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அன்று இரவு அழுதாள்.

மூன்றாவது நாள். பன்னிரண்டு பத்துக்கு எஞ்சினை நிறுத்தினார்கள். ஒரு மணிக்கு மறுபடி ஓட்ட வேண்டும். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் திரையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

12.14. தொண்ணூற்றிரண்டு டிகிரி.

12.20. எழுபத்தொன்று.

12.26. ஐம்பத்திரண்டு.

12.31. முப்பத்தொன்று.

இவ்வளவு வேகமாக ஆறுகிறதே என்று அவளுக்குப் பூரிப்பு. இனியவன் சாரிடம் சொல்ல வேண்டும்.

ஃபேன் நின்றது. பம்ப் நின்றது. ஷெட்டில் சத்தமே இல்லை. எஞ்சின் இரும்பு மட்டும்... டக்... டக்... என்றது.

திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் குறைவு.

காலையில் நிரம்ப ஊற்றியிருந்தாள். குனிந்து பார்த்தாள். தரையில் சொட்டு ஈரம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. எந்தச் சென்சாரிலும் கடைசி எண் கொஞ்சம் ஆடும். 31.0, 31.2, 30.9 என்று. இது ஆடவில்லை. 31.0. 31.0. 31.0.

ஒரு மணிக்குள் தண்ணீர் ஊற்றாவிட்டால் எஞ்சின் ஓடாது. சோதனை போச்சு. வேலை போச்சு.

கேனை எடுத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். துணியைச் சுற்றி மூடியில் கை வைத்தாள். பழக்கம்... தன்னை அறியாமல் வாய் சொன்னது.

"தொறக்கறேன்."

"தொற."

ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து. கார்முகிலின் குரல். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் ஷெட்டுக்குள் அவர் பேசிய முதல் சொல்.

"சாப்ட்டு வந்துட்டீங்களாண்ணே?"

கேட்டுக்கொண்டே மூடியை லேசாகத் திருகினாள். அப்போதுதான் உறைத்தது.

வெளியே நாற்பத்தொன்று. தகரக் கூரைக்குக் கீழே அதைவிடச் சூடு. அந்தக் காற்றைக் கொண்டுதான் ரேடியேட்டர் ஆற்றுகிறது. காற்றைவிடக் குளிராகத் தண்ணீர் ஆகவே முடியாது.

"அண்ணே... தண்ணி எப்படி முப்பத்தொண்ணு ஆவும்?"

"தொற."

அதே குரல். அதே ஏற்ற இறக்கம். போட்டதையே திரும்பப் போட்டதுபோல.

குனிந்து பார்த்தாள். ரேடியேட்டருக்கும் கம்பி வலைக்கும் நடுவே ஒரு சாண் இடம். ஆள் நிற்க முடியாது. அங்கே விரல்கனத்துக்கு வெள்ளை மண்தூள் படிந்திருந்தது.

ஒரு கால் தடம் இல்லை.

"தொற."

இப்போது காதோரம்.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை... புறங்கையின் மேல் ஏதோ அழுத்தியது. ஜில்லென்று.

மூடி திரும்பியது.

அவள் திருப்பவில்லை.

"தொற. தொற. தொற."

பின்பக்கமாகச் சாய்ந்தாள். ஸ்டூல் கவிழ்ந்தது.

மணி 12.38.

புஸ்ஸ்ஸ்...

கொதிநீர் கூரைத் தகரத்தில் போய் அறைந்தது.

கேட்டுக்கு வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்த கார்முகில் எச்சில் கையோடு ஓடிவந்தார். வாய் திறக்காமல் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, குழாயில் கையைக் காட்டவைத்தார். வலது கை முழங்கை வரை சிவந்திருந்தது.

"உள்ள பேசினியா?"

"தொறக்கறேன்னேன். நீங்கதானே தொறன்னீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் குரலா?"

"ஆமா."

"எனக்குக் கேட்டது பாலகிருஷ்ணன் குரலு. எனக்கு முன்ன இருந்த ஆளு. அவருதான் சொல்றாருன்னு நெனச்சுத் தொறந்தேன். அந்நேரம் அவரு மங்கலம்பேட்டையில டீக்கடையில இருந்தாரு. அவரும் இங்க வெந்தவருதான். அதான் உள்ள யாரும் வாயத் தொறக்கறதில்ல."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் வேலைய எடுக்க வந்த புள்ள. நான் எதுக்குச் சொல்லணும்?"

பிற்பகல் பெட்டியின் பதிவை எடுத்துப் பார்த்தாள். 12.31க்கு 97.4 டிகிரி. தண்ணீர் நிறைவு. முப்பத்தொன்று என்ற எண் அதில் எங்குமே இல்லை.

ரிப்போர்ட்டில் எதை எழுதுவது? வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு எழுதினாள்: கருவியில் பழுது ஏதுமில்லை. காயம் என் கவனக்குறைவால் ஏற்பட்டது.

ஆலை மேனேஜர் கிளமெண்ட் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு வேலை நிரந்தரமானது.

"சூப்பர்மா," என்றார் இனியவன். "அங்க பொட்டி கத்துக்கிட்டதை அப்படியே ஃபைலா அனுப்பு. அதே மாடல் எஞ்சின் எல்லாத்துலயும் ஏத்திடலாம்."

அனுப்பினாள். ஜூன் மாதத்தில் அந்தக் கோப்பு பதினேழு எஞ்சின்களில் ஏற்றப்பட்டது.

ஜூலை மூன்றாம் தேதி இனியவன் மறுபடி கூப்பிட்டார். நல்லூரில் ஒரு அரிசி ஆலை. தமிழ்ச்செல்வன் என்ற ஆபரேட்டர். ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். முகம் முழுக்க வெந்துவிட்டது. திரையில் முப்பத்தொண்ணுதான் காட்டியது, யாரோ தொறன்னு சொன்னாங்க என்கிறாராம்.

"சார், அந்த ஃபைலை எல்லா எடத்துலயும் அழிச்சிடுங்க சார்."

"ஏன்? பழுதே இல்லைன்னு நீதானேம்மா எழுதிக் குடுத்த?"

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கார்முகிலின் குரலாகத்தான் இருக்கும். ஆம்பளைக் குரல்தான் என்று அவர் சொன்னால் போதும் என்று போனாள்.

தமிழ்ச்செல்வனின் இரண்டு கண்களிலும் கட்டு. மனைவி திரௌபதி பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தார். மோகனப்பிரியா அதற்கு முன் அவர்களைப் பார்த்ததில்லை. நல்லூருக்கே போனதில்லை.

கட்டிலருகே நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே... உங்களத் தொறக்கச் சொன்னது யாரு குரலு?"

அவர் உடம்பு விறைத்தது. கையால் துழாவி மனைவியின் சேலையைப் பிடித்தார். கட்டிலில் பின்னோக்கி நகர்ந்தார். சுவர் முதுகில் இடிக்கும் வரை நகர்ந்தார்.

"இதுதான்... திரௌபதி, இந்தக் குரலுதான்."